விளாவிய சுருதி

ம்வா… ம்வா… ம்வா… என்று பியானோவுக்குள் இரண்டு கம்பிகளின் ஒலி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அலைகிறது. அவர் சுருதிச் சாவியை ஒரு மயிரிழை திருப்புகிறார், அலை நிதானமாகிறது, சோம்பலாகிறது, நின்றேவிடுகிறது, நின்றதும் எனக்குள்ளும் ஏதோ நிற்கிறது, அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அதை வேண்டுமென்றே துளி கெடுக்கிறார், மறுபடி மெல்லிசாக ஒரு ம்வா. சேர்ந்த சுருதியைக் கலைப்பதற்குக் கூலி வாங்குகிற ஆள் ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான் சார் என்று முதல் தடவை பார்த்தபோதே சொல்லியிருக்கிறேன். ஏசுவடியான் சார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் முன்பல் ஒன்று மட்டும் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தது. இப்போது பல் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கம்பிகளுக்கு நடுவே நீளக் கம்பளிப் பட்டையைச் செருகி, குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர், சின்ன வயசிலேயே சென்னைக்கு வந்து வேப்பேரியில் தங்கிவிட்டவர், மனைவி தவறிப் பல வருஷமாகிறது. எந்த சர்ச்சில் எந்தப் பியானோவின் எந்தக் கட்டைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார். நான் தையல்நாயகி, இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் வீணை டீச்சர். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் காலை நீட்டிப் படுக்காமல், ஃபேனையும் நிறுத்திவிட்ட பிரார்த்தனைக் கூடத்தில் முன்வரிசை பெஞ்சில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் காரணம், கூடத்துச் சாவி என்னிடம் இருக்கிறது, அவர் முடித்ததும் பூட்ட வேண்டும். அது ஊருக்குச் சொல்கிற காரணம். நிஜக் காரணம், அவர் முடித்ததும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். ஐம்பத்திரண்டு வயசில் கடுகு நிறச் சுங்குடிப் புடவையைக் காலையில் நானே எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டு, இதை ஏன் கட்டினோம் என்று என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டது ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், இந்தக் கூடத்தின் வாசல்படியில். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், அன்றைக்கும் வந்து வேலையை முடித்துப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டே, "டீச்சர், ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றார். பெரிய பீடிகையாக இருக்கிறதே, பெஞ்சு ஏதாவது உடைந்துவிட்டதோ என்று நினைத்தேன். "வீட்டுல பேச ஆளில்ல. ஆளில்லங்கிறதுக்காவ கேக்கல. உங்ககூடப் பேசணும்னு இருக்கு, அதுக்காவ கேக்கேன். நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமா?" நான் ஸ்கூட்டர் ஸ்டாண்டைப் பார்த்தேன். ஸ்டாண்டில் துரு. "உடனே சொல்லாண்டாம். அடுத்த தடவ பியானோ பாக்க வருவேன்லா, அப்பம் சொல்லுங்க." அடுத்த தடவை என்றால் கிறிஸ்துமஸ் சமயம். அரை வருஷம் இருக்கிறது, அதற்குள் உலகமே தலைகீழாகலாம், நான் தப்பித்தேன் என்று வீட்டுக்குப் போய் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். ஆனால் பெனிட்டா வந்து சேர்ந்தாள். புதிதாக வந்திருக்கிற பாட்டு டீச்சர், நல்ல பெண், பியானோவில் கை சுத்தம். ஸ்தாபகர் தினத்துக்கு ஒரு ஞானப்பாட்டு, அது ஐந்தரைக் கட்டையில் ஆரம்பிக்கிறது, இவள் இரண்டு கையையும் விரித்து வைத்தாள், பியானோ ஊளையிட்டது. வராண்டாவில் போய்க்கொண்டிருந்த நானே கேட்டேன், பக்கத்துத் தெரு நாயும் பதில் கொடுத்தது. உடனே தலைமையாசிரியை அவருக்குப் போன் போட்டுவிட்டார். எனக்குக் கிடைத்திருந்த அரை வருஷத்தை ஒரு பாட்டின் முதல் அடி தின்றுவிட்டது. ஓசூரில் இருக்கிற பூங்கோதைக்கு, என் மகளுக்கு, நேற்று சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தால் கொட்டாவி விட்டாள். "யம்மா, உனக்குப் பிடிச்சிருக்கா? அத மட்டும் சொல்லு." "அவரு சர்ச்சுக்குப் போறவருடி." "நீ கோயிலுக்குப் போ. உனக்கு வெள்ளி, அவருக்கு ஞாயிறு, கிளாஷே இல்ல." பிடிச்சிருக்கா. இதென்ன கேள்வி, சாப்பாடா, புடவையா. பிடிச்சிருக்கிறது. அதுதான் வம்பே.

இப்போது ஆறு கட்டையை வைத்துக்கொண்டு அதன் பஞ்சமத்தை, அதாவது ஐந்தாவது சுரத்தை, தேடுகிறார். கட்டை என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆர்மோனியம் கூடவே கூடாது, அது நம் சங்கீதத்தைக் கெடுக்க வந்த பெட்டி என்று மூக்கைச் சுளிக்கிற பெரிய மனிதர்கள்கூட, உங்கள் சுருதி என்ன என்று கேட்டால் ஒன்றரைக் கட்டை, நாலரைக் கட்டை என்று அந்தப் பெட்டியின் மரக்கட்டையை எண்ணித்தான் பதில் சொல்வார்கள். வாசல் வழியாகத் துரத்தியவனை ஜன்னல் வழியாக அழைத்துத் தொண்டையிலேயே உட்காரவைத்த கதை. என் வீணை மூன்று கட்டை. சுருதி என்றால் கேட்கப்படுவது, அவ்வளவுதான் அர்த்தம், காதுக்கு எட்டினால் சுருதி. கல்லூரியில் படிக்கும்போது பழந்தமிழ்ப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். ஒரு நரம்பை எடுத்துக்கொண்டால் அதிலிருந்து ஐந்தாவது நரம்பு கிளை, சொந்தக்காரன். நாலாவது நட்பு, சிநேகிதன். மூன்றாவதும் ஆறாவதும் பகை. சுரங்களுக்குள்ளேயே ஒரு தெரு, ஒரு குடித்தனம், போக்குவரத்து, முகம் கொடுக்காமை எல்லாம். சொந்தக்காரனைவிட சிநேகிதன் ஒரு வீடு கிட்ட இருக்கிறான் என்பதை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் மூன்றாவது பகை என்பதுதான் ஜீரணமாகவில்லை, ஏனென்றால் மூன்றாவது என்பது காந்தாரம், எனக்கு உலகத்திலேயே இனிப்பான இடம் அது. ஒரு தடவை இவரிடம் அங்கலாய்த்தேன். "எங்க ஆளுகளும் அப்படித்தான் டீச்சர். வெளிநாட்டுச் சாமியார்மாரு ரொம்ப காலம் மூணாவத சேத்துக்கிடவே இல்ல. பொறவுதான் பழகிக்கிட்டானுவ" என்றார். பகையாளியோடு பழக இரண்டு தேசத்துக்கும் இத்தனை காலம் பிடித்திருக்கிறது என்று அன்றைக்கு டீ ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து கிளை என்று தாவிக்கொண்டே போனால் பன்னிரண்டு வீடும் சுற்றிப் புறப்பட்ட வீட்டுக்கே வந்துவிடலாம். வந்துவிடலாம் என்று தோன்றும், வராது. துளி தள்ளிப் போய் நிற்கும். கணக்குப் பிழை இல்லை, கடவுள் வைத்த இடைவெளி. எல்லாப் பஞ்சமத்தையும் சுத்தமாக வைத்தால் வட்டம் மூடாது, வட்டம் மூட வேண்டுமானால் எல்லாரும் துளித்துளி விட்டுக்கொடுக்க வேண்டும். பியானோவில் அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார், அதற்குத்தான் கூலி. எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும்.

அட்ஜஸ்ட். இந்த வார்த்தை வந்தாலே எனக்குத் தோள்பட்டை இறுகிவிடுகிறது. புகுந்த வீட்டில் ஓயாமல் கேட்ட வார்த்தை. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, தம்பிக்குப் பரீட்சை. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க, அம்மாவுக்குத் தலைவலி, இந்த வாரம் வாசிக்க வேண்டாம். பூங்கோதையின் அப்பா கெட்டவர் இல்லை, கையை ஓங்கியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை, பாவம், இளநீர் வாங்கி வந்தால் எனக்கும் சேர்த்துத்தான் வாங்கி வருவார். ஆனால் அந்த வீட்டில் விட்டுக்கொடுக்கிற துளி எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்தது. வீணை பரணுக்குப் போயிற்று. கோடைக் கோடையாக ஓட்டுச் சூடு பட்டு, தண்டின்மேல் பித்தளை மெட்டுகளைப் பிடித்திருந்த மெழுகு இளகி, அவர் காலமான பிறகு இறக்கிப் பார்த்தால் மெட்டுகள் வரிசை குலைந்து சாய்ந்து கிடந்தன. மயிலாப்பூரில் கொடுத்துப் புதிதாக மேளம் கட்டி, அதாவது மெழுகு பிடித்து ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு இடத்தில் உட்காரவைத்து, வாங்கி வந்தேன். வீணைக்கு மேளம் கட்டிவிடலாம். எனக்கு? இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஆண்டு விழா ஒத்திகை, இறைவணக்கத்துக்கு என் வீணையும் இந்தப் பியானோவும் சேர்ந்து, மூன்று கட்டையில். பியானோவின் காந்தாரம் தூக்கலாக நின்றது, என் காந்தாரத்துக்கு மேலே ஏறி நின்று எட்டிப் பார்த்தது, காது கூசியது, வாசிப்பை நிறுத்திவிட்டுக் கூடம் கேட்கச் சொன்னேன், இந்தப் பெட்டியின் காந்தாரம் காதைக் கூசவைக்கிறது என்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பியானோவைச் சரிபார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்றிருந்த இவரும். எனக்கு அன்றைக்கு வெட்கமில்லை, சந்தோஷம். இத்தனை வருஷம் பரணில் கிடந்தும் என் காது சாகவில்லை. ஆனால் அடுத்த வருஷம் கூசவில்லை. அதற்கடுத்த வருஷமும் கூசவில்லை. பியானோ அதேதான், இறைவணக்கம் அதேதான், காந்தாரம் வந்து பக்கத்தில் உட்கார்கிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அந்தப் பயம் பிடித்தது. தூக்கலுக்கும் பழகிவிட்டேன். தையல், கடைசியில் உன் காதும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டுவிட்டதடி. இதை யாரிடமும் சொன்னதில்லை, பூங்கோதையிடம்கூட. இன்றைக்கு வேண்டாம் சார் என்று சொல்வதற்கு என்னிடம் இருக்கிற ஒரே காரணமும் இதுதான். மறுபடி ஒரு வீட்டுக்குள் போனால், எனக்கே தெரியாமல், வலியே இல்லாமல், மிச்சமிருப்பதும் இளகி இடம் மாறிவிடும். மதமில்லை, வயசில்லை, ஊர்வாய் இல்லை, அதற்கெல்லாம் நான் பயப்படுகிற ஆளா.

ஆனாலும் பார், இவர் செய்கிற இந்த வேலைக்கு இங்கிலீஷில் டெம்பரமென்ட் என்று பெயர். மனுஷனுடைய சுபாவத்துக்கும் அதே பெயர்தான். மூலத்தில் அதற்கு அளவாகக் கலப்பது என்று அர்த்தமாம், இவர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார், தமிழில் என்ன சொல்லலாம் டீச்சர் என்று கேட்டார். நான் அப்போது சமாளித்தேன். அன்று சாயங்காலம் குளிக்கப் போனேன், வாளியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீர் விட்டுக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தவள் அப்படியே நின்றேன். விளாவுதல். இதுதானே அது. வெந்நீரும் தோற்கவில்லை, பச்சைத் தண்ணீரும் தோற்கவில்லை, உடம்புக்குச் சுகமாக ஒன்று வருகிறது. அந்த ஈரக்கையோடு போன் பண்ணிச் சொன்னேன், விளாவுதல் சார், விளாவிய சுருதி என்று. அந்தப் பக்கம் அவர் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எங்கம்மயும் அப்படித்தான் சொல்லுவா, வெந்நிய விளாவிக் குளிலேன்னு. எனக்குத் தோணலையே" என்றார், அவர் சந்தோஷம் என் காதுக்குள் சூடாக வந்தது. அதெல்லாம் சரி. விளாவுகிற கை யாருடையது என்று ஒன்று இருக்கிறதே. வேறு யாரோ விளாவித் தலையில் ஊற்றினால் அது விளாவுதல் இல்லை. வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, சுமார் ஐந்து கட்டை. அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். நடுப்பகுதி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது போலிருக்கிறது, இரண்டிரண்டு கட்டையாக அழுத்திச் சரிபார்க்கிறார், ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி, மூன்று கட்டையில் ஒரு விரல், அதன் காந்தாரத்தில் இன்னொரு விரல், அழுத்துகிறார். என் பின்னங்கழுத்தில் மயிர் எழுந்து நின்றது. கூசுகிறது. காந்தாரம் தூக்கல். ஏணி போட்டு ஏறி நிற்கிறது, படபடவென்று துடிக்கிறது, அன்றைக்கு ஒத்திகையில் கேட்ட அதே தூக்கல், அதே கூச்சம், பல்லில் ஐஸ் பட்ட மாதிரி. நான் எழுந்து நின்றிருக்கிறேன் என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது.

"சார், அந்தக் காந்தாரம்…" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "தூக்கலா இருக்கா?"

"கூசுது."

"கூசத்தான் செய்யும் டீச்சர். எல்லாத்தையும் சமமா வச்சா அது அங்கதான் வந்து நிக்கும்."

"இத்தனை வருஷமா கூசலையே."

இப்போது திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "இத்தன வருஷமா நான் சமமா வைக்கல" என்றார். "அன்னைக்கு ஒத்திகையில சொன்னீங்கல்லா, காது கூசுதுன்னு. அடுத்த தடவ வந்தப்பமே இறக்கி வச்சிட்டேன். பழைய ஆர்கன்காரங்க முறை ஒண்ணு இருக்கு, மூணு கட்டைக் காந்தாரம் அதுல சுத்தமா ஒக்காந்துரும். ஆனா கணக்கு விடாதுல்லா. அங்கன இறக்குனதெல்லாம் சேந்து ஒரு மூலையில போயி ஊளையிடும். ஓநாய்னே பேரு வச்சிருக்கானுவ அதுக்கு. அத அஞ்சரைக் கட்டைப் பக்கம் கொண்டு விட்டேன். அங்கன இந்தப் பள்ளிக்கூடத்துல யாரும் போக மாட்டாங்கன்னு நெனச்சேன். பெனிட்டாம்மா போயிட்டாங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படியானால் கூசாமல் போனது என் காது செத்ததால் இல்லை. அப்படியானால் காந்தாரம்தான் இறங்கி என் இடத்துக்கு வந்திருக்கிறது, நான் ஏறிப் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் இறைவணக்கத்தில், பழகிவிட்டாயடி, போய்விட்டாயடி என்று நான் எனக்கே துக்கம் கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் அது சுத்தமாக, வீணையின் மெட்டுக்கு நேர் எதிரே, சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது. சரியாக இருந்ததால் சரியாகக் கேட்டது. இவ்வளவு எளிய விஷயம். எனக்குச் சிரிப்பு வருகிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது, இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்குதான் அவஸ்தைப்படும். என் காது இருக்கிறது. பரணிலும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது, இதோ இந்த நிமிஷம் கூசிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. ஒரு மனுஷர் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோ முழுவதையும் என் ஒரு காந்தாரத்துக்காக வளைத்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்டு நான் என் காதுக்குக் கருமாதி நடத்தியிருக்கிறேன். சொல்லித் தொலைத்திருக்கலாமே இவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கோபம்கூட வருகிறது, நல்ல கோபம், உறவுக்காரர்மேல் வருகிற மாதிரி.

அவர் மிச்சத்தை முடித்தார், மேலே, கீழே, பட்டையை உருவி, பலகையை மாட்டி. நான் எழுந்து போய்ப் பியானோ பக்கத்தில் நின்றேன். கேள்வியை நினைவுபடுத்துகிறவர் இல்லை அவர், சுருதிச் சாவியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஓநாய் இப்ப எங்க சார்?"

"இங்கனதான் இருக்கு. துண்டு துண்டா வெட்டி எல்லா வீட்டுலயும் ஒரு துண்டு போட்டாச்சு. யாருக்கும் தெரியாது. உங்கள மாதிரி ஆளுக்கு மட்டும் கூசும்."

"உங்க வீட்ல ஒரு பழைய பியானோ இருக்குன்னு சொன்னீங்களே. அது எப்படி?"

அவர் தரையைப் பார்த்தார். அந்த முன்பல் மெதுவாக வெளியே வந்தது. "அதுவும் மூணு கட்டைக்குத்தான் வச்சிருக்கேன். ரொம்ப நாளா."

"அங்க ஓநாய் எங்க இருக்கு?"

"அதே மூலைதான். நான் அந்தப் பக்கம் போறதே இல்ல டீச்சர்."

"நான் வந்தா போவேன்" என்றேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "எல்லாப் பக்கமும் போவேன். எனக்காகன்னு சொல்லாம கொள்ளாம எதையும் இறக்கி வைக்கக் கூடாது, எங்கேயும் ஒளிச்சு வைக்கக் கூடாது. ஊளையிட்டா ரெண்டு பேருமா கேப்போம், எங்க வைக்கறதுன்னு ரெண்டு பேருமா பேசி வைப்போம்."

அவர் துணி சுற்றுவதை நிறுத்தினார். "வந்தாங்கிறீங்க."

"வரேன்னுதான் சொல்றேன்."

அவர் சுருதிச் சாவியைப் பைக்குள் போடுவதற்குப் பதிலாகச் சட்டைப் பாக்கெட்டில் போடப் பார்த்தார், அது கீழே விழுந்து கூடம் முழுக்கச் சத்தம் போட்டது. அவர் குனிந்து தேடுகிற நேரத்தில் நான் கையை நீட்டி மூன்று கட்டையையும் அதன் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தினேன், பெனிட்டாவுக்காகச் சமமாக வைத்த காந்தாரம். தூக்கல்தான். காது நன்றாகக் கூசியது. விரலை எடுக்க மனசு வரவில்லை.